கருப்பு கிரானைட் என்று சொல்லிக் கடப்பாக்கல்லைக் கொடுத்துவிட்டார்கள்: 58,500 ரூபாய் போச்சு

காங்கயம் பக்கம் எங்கள் புது வீடு. பால் காய்ச்சி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாலு நாளைக்கு முன்னால் சமையல் மேடையில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். துடைத்த பிறகு பார்த்தால் சாறு பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

மேடைக்கும் மாடிப்படிக்கும் சேர்த்து 260 சதுர அடி, அடி 225 ரூபாய். மொத்தம் 58,500. பைபாஸில் இருக்கிற பெரிய கல் கடை. "அக்கா, எங்க வீட்டுக்கு எடுக்கற மாதிரியே எடுத்துத் தர்றனுங்"ன்னு சொன்னார் கடைக்காரர். எந்த ஊர், யார் வீடு என்றெல்லாம் விசாரித்தார், டீ வாங்கிக் கொடுத்தார். கல்லில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார், கன்னங்கரேல் என்று கண்ணாடியாய் மின்னியது. அங்கேதான் விழுந்தேன். நனைந்தால் எந்தக் கல்லும் இன்னும் கருப்பாகத்தான் தெரியும் என்று அப்போது உறைக்கவில்லை. பதித்ததும் கடை ஆட்கள்தான், எங்கள் மேஸ்திரி அன்றைக்கு ஊரில் இல்லை.

மறுநாள் மேஸ்திரி வந்து, மிச்சமிருந்த துண்டைத் திருப்பி, பாலீஷ் போடாத பக்கத்தில் டைல்ஸ் கழுவும் ஆசிட்டை ரெண்டு சொட்டு விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது. "இது கடப்பாக் கல்லுங்க அம்மிணி. இந்த விலையில பாதிகூட வராதுங்"ன்னார்.

கடப்பாக்கல் சுண்ணாம்புப் பாறை. நீருக்கடியில் வண்டல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப்பாறை. அதனால்தான் பலகை பலகையாகப் பிளக்கிறது, புளிப்புப் பட்டால் அரிக்கிறது, கத்தி கீறுகிறது. கிரானைட் தீப்பாறை. பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெதுவாகக் குளிர்ந்து, மணிகள் ஒன்றோடொன்று பின்னி இறுகியது. எலுமிச்சைக்கெல்லாம் அது அசையாது. இங்கே கண்ணெதிரே நிற்கிற சிவன்மலையில் இருக்கிற சயனைட் (syenite) என்கிற கல்லும் தீப்பாறைதான். இத்தனையும் என் மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிற சங்கதி, காசு கொடுப்பதற்கு முன்னால் நான் புரட்டியிருக்க வேண்டும்.

கடைக்குப் போன் போட்டேன். முதல் நாள் "ஓனர் கோயிலுக்குப் போயிருக்காருங்." மறுநாள் "புளி, எலுமிச்சை பட்டா எந்தக் கல்லும் அப்படித்தானுங்க்கா, சீலர் அடிச்சுக்குங்க." எங்கள் அம்முச்சி ஆயுசு முழுக்கக் கருங்கல் அம்மியில் புளி வைத்துத் துவையல் அரைத்தார், அந்த அம்மியில் ஒரு கறை கிடையாது! நேரில் போனதும் பேச்சு மாறியது: "பிளாக் கிரானைட்டுன்னு விக்கறது எதுவுமே நெச கிரானைட் இல்லீங்." அது உண்மைதான், கருப்பில் வருவது பெரும்பாலும் டோலரைட், கேப்ரோ. ஆனால் அவையும் தீப்பாறைதானே? நான் 58,500 கொடுத்தது அந்த உறுதிக்குத்தான். கடைசியில் பில்லை எடுத்து நீட்டினார். "கருப்பு ஸ்லாப்" என்று மட்டும் போட்டிருக்கிறது. இப்போது போனை எடுப்பதே இல்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். ஒரு எலுமிச்சம்பழம் கொண்டு போய்க் கல்லில் பிழிந்து, பத்து நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். வெயிலில் வைத்து மணி மணியாக மின்னுகிறதா என்று பாருங்கள். பில்லில் கல்லின் பெயரை எழுதாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் மேஸ்திரி இல்லாத நாளில் கல்லை இறக்க விடாதீர்கள்.