சிரிஞ்சில் ஒட்டும் லேபிள் ரோல்: ஆறு மாத அனுபவம்

புதுச்சேரியில் காமராஜர் சாலைப் பக்கம் ஒரு சர்ஜிக்கல் கடையில் இரண்டு ரோல் வாங்கினேன். ஒன்று வெள்ளை, மருந்தின் பெயர், அளவு, தேதி, நேரம், கையெழுத்து என்று கட்டம் போட்டது. இன்னொன்று ஊதா, அட்ரினலின் என்ற மருந்தின் பெயர் அச்சடித்தே வரும். ரோலுக்கு 500 லேபிள். வெள்ளை 220 ரூபாய், ஊதா 300. சொந்தக் காசு. "ஆஸ்பத்திரியில தர மாட்டாங்களா சிஸ்டர்?" என்றார் கடைக்காரர். பிளாஸ்டர் தருவார்கள் என்றேன்.

14 வருடமாக அதைத்தான் கிழித்து ஒட்டி, பேனாவால் ரெண்டு எழுத்து கிறுக்கி வந்தேன். அவசரத்தில் அதுவும் இருக்காது. முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு நைட் டூட்டியில், ட்ரேயில் இரண்டு 10 மில்லி சிரிஞ்சு கிடந்தது. ஒன்று லைனை (டிரிப் குழாயை) ஃப்ளஷ் பண்ண, அதாவது கழுவிவிட, சலைன் என்ற உப்புத் தண்ணீர். மற்றது டிரிப்பில் கலக்க இழுத்து வைத்த பொட்டாசியம் குளோரைடு. இரண்டும் பார்க்கத் தண்ணீர்தான். பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராக ரத்தக் குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். இழுத்து வைத்த பெண்ணுக்கே எது எது என்று தெரியவில்லை. இரண்டையும் சிங்க்கில் கொட்டிவிட்டுப் புதிதாக ஆம்பியூல் (மருந்துக் குப்பி) உடைத்தோம். அன்று விடியும்வரை எனக்குக் கை நடுங்கியது.

சரி, ரோலுக்கு வருகிறேன். பசை நன்றாகப் பிடிக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மருந்தை இழுத்தால் மட்டும் இந்தக் கடற்கரை ஊர் ஈரத்தில் சிரிஞ்சு வேர்த்து லேபிள் நழுவும். காஸ் துணியால் துடைத்துவிட்டு ஒட்டினால் போதும். ஜெல் பேனாவில் எழுதாதீர்கள், ஸ்பிரிட் பட்டால் கரைந்து ஓடும். 2 மில்லி சிரிஞ்சில் சுற்றி ஒட்டினால் அளவுக் கோடு மறைகிறது, நீளவாக்கில் ஒட்ட வேண்டும். இன்சுலின் சிரிஞ்சுக்கு இது உதவாது.

ஊதா ரோல் விஷயத்தில் எனக்கு முழு திருப்தி இல்லை. நிறங்கள் ஐஎஸ்ஓ 26825 என்ற சர்வதேச லேபிள் தர முறைப்படி வருகின்றன: ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்துக்கு ஊதா, மார்ஃபின் வகைக்கு நீலம், தசையைத் தளர்த்தும் மருந்துக்குச் சிவப்பு. ஆனால் அட்ரினலினும் ஊதா, வேறு மருந்தான நார்அட்ரினலினும் ஊதா. நிறத்தைப் பார்த்துக் கை போய்விட்டால் பெயரைக் கண் படிப்பதில்லை. எங்களுக்கு நர்சிங் சொல்லிக்கொடுத்த டியூட்டர் சிஸ்டர், மருந்தை எடுக்கும்போது, இழுக்கும்போது, போடுவதற்கு முன் என்று மூன்று தடவை பெயரைப் படிக்க வைப்பார். நிறம் வந்த பிறகு மூன்று ஒன்றாகிவிடுகிறது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெள்ளை ரோலில் இருக்கும் பெரிய குறை, எந்த வழியில் போடுவது என்பதற்குக் கட்டமே இல்லை. பென்சத்தீன் பென்சிலின் பால் மாதிரி இருக்கும், தசையில் மட்டுமே போட வேண்டும். ரத்தக் குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்கு நான் பெயருக்கு மேலேயே சிவப்புப் பேனாவில் 'ஐஎம்' (தசையில் போடுவது) என்று பெரிதாக எழுதிவிடுகிறேன். குழந்தைகள் வார்டுக்கு மாற்றி அனுப்பும் நாட்களில் இன்னொரு தலைவலி. அங்கே பாராசிட்டமால் சிரப்பையும் ஊசி சிரிஞ்சிலேயே இழுத்து வாயில் விடுகிறார்கள். அதே சிரிஞ்சு, ரத்தக் குழாயில் செருகி வைக்கும் கேனுலாவிலும் கச்சிதமாகப் பொருந்தும். 'வாய்வழி மட்டும்' என்று அச்சடித்த ரோல் கேட்டேன், கடையில் அப்படி ஒன்று இல்லை.

இன்னொரு விஷயம். நேரம் மிச்சம் என்று காலி சிரிஞ்சுகளில் முதலிலேயே ஒட்டி அடுக்கி வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். மருந்தை இழுத்து, அதே கையோடு, ஆம்பியூல் கண் முன்னால் இருக்கும்போதே ஒட்ட வேண்டும்.

வெள்ளைக்கு ஐந்தில் நான்கு, ஊதாவுக்கு இரண்டரை. வெள்ளை ரோல் தீரப்போகிறது, சம்பளம் வந்ததும் இன்னொன்று வாங்க வேண்டும். ஊதாவில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.