ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500: இடக்கைக்காரனின் கணக்கு

அமெரிக்காவில் பம்ப் ஷாட்கன் (முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி) கேட்டுப் போனால் கடைக்காரர் பெரும்பாலும் இந்த இரண்டைத்தான் எடுத்து வைப்பார். 870 வந்தது 1950இல்; 500 வந்தது 1961இல். வீட்டுக் காவலுக்கும், ஓய்வு நாளில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடவும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்பது என் தேவை. (களிமண் என்பது பெயரில்தான், தட்டில் இருப்பது சுண்ணாம்புக்கல் தூளும் கீலும்.)

870இன் ரிசீவர் (இயங்கும் பாகங்களைத் தாங்கும் நடுக்கூடு) எஃகு. முன்கைப்பிடியை இழுத்தால் எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் போல வழுக்கி வரும். 500இன் ரிசீவர் அலுமினியக் கலவை, லேசாகக் கடகடக்கும். கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் 870 பக்கம் சாய்வது இதனால்தான். ஆனால் அலுமினியம் என்று அஞ்ச வேண்டாம்: இரண்டிலுமே தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மாட்டிக்கொள்வது குழலின் நீட்சியில், வெடிப்பின் அழுத்தம் ரிசீவரின் தலையில் விழுவதில்லை. சுட்ட தோட்டாவின் காலி உறையைப் பிடித்திழுக்கும் கொக்கி 500இல் இரண்டு, 870இல் ஒன்று.

தட்டுச் சுடுவதில் 870க்கே என் ஓட்டு. ஸ்கீட் என்னும் தட்டுச் சுடும் போட்டியில் இரண்டு தட்டுகள் ஒருசேரப் பறக்கும்போது நடுவில் ஒருமுறை பம்ப் செய்தாக வேண்டும். ஒருநாள் பதற்றத்தில் பாதி இழுத்து முன்னே தள்ளிவிட்டேன். காலி உறை உள்ளேயே கிடக்க, இரண்டாவது தட்டு அலுங்காமல் புல்லில் போய் இறங்கியது. வழுக்கும் இயக்கத்தின் அருமை அங்கேதான் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது. தட்டுச் சுடும் 28 அங்குலக் குழல் நடைவழியில் கதவு நிலையில் இடிக்கும், 18.5 அங்குலம் போதும். (18க்குக் கீழே போனால் கூட்டரசுச் சட்டம் குறுக்கே நிற்கும்.) சோக் (குண்டுகள் அதிகம் சிதறாமல் குழல்வாயைக் குறுக்கும் அமைப்பு) இல்லாத குட்டைக் குழலை வைத்துக்கொண்டு டிராப் என்னும் இன்னொரு தட்டுப் போட்டியில் 16 கஜத்துக்கு அப்பால் எழுந்து ஓடும் தட்டைத் துரத்துவதும் வீண். ஆக, இரண்டு குழல் வேண்டும். இரண்டு துப்பாக்கியிலும் குழல் மாற்றுவது சில நிமிட வேலை. மாஸ்பெர்க் இரண்டு குழலையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறது. மாஸ்பெர்க்கின் இன்னொரு மாடலான 590இன் குழல் 500க்குப் பொருந்தாது. பழைய பொருள் வாங்குபவர்கள் கவனிக்கவும்.

இடக்கைக்காரனான என் முடிவைத் தீர்மானித்தது சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு. 870இல் அது விசைக்குப் பின்னால் குறுக்காக ஓடும் பொத்தான், வலக்கைக்காரருக்காகச் செய்தது. 500இல் ரிசீவரின் முதுகில், கட்டைவிரலுக்கு அடியில் இருக்கிறது. இருட்டில் எந்தக் கைக்கும் எட்டும். பிஸ்டல் போலக் கீழிறங்கும் பிடி போட்டவர்களுக்கு மட்டும் அந்த வசதி போய்விடும்.

ரெமிங்டன் நிறுவனம் 2018இலும் 2020இலும் திவாலாகி, துண்டு துண்டாக விற்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்து இலியன் ஆலை 2024இல் மூடப்பட்டது. வலக்கைக்காரர், அதிலும் தட்டுச் சுடுவதே முக்கியம் என்பவர், 870இன் உயர்தர வகையான விங்மாஸ்டர் நல்ல பழையதாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். நான் 500ஐ, நீளம், குட்டை என இரண்டு குழலும் சேர்ந்த பெட்டியாக வாங்கினேன். குட்டைக் குழல் மாட்டி, பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. சாவி பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில்.