சினை மாட்டுக்கு தாது உப்பு தூளா, உப்புக்கட்டியா, கால்சியம் பாட்டிலா?

ஓமலூர் பக்கம் எங்க கட்டுத்தரையில இப்ப ரெண்டு ஜெர்சி கிராஸ் நிறைசினையா நிக்குதுங்க. மேல ஏற்காட்டுல நாகலூர் பக்கம் மாமா வீட்டு மாடும் இந்த மாசக் கடைசில கன்னு போட்ரும். அவர் தினமும் போன் பண்ணி கேக்கறது ஒரே கேள்விதான், "மாப்ள, மெடிக்கல்ல கால்சியம் பாட்டில் வாங்கி இப்பவே ஊத்திரட்டுமா, இல்ல பவுடரே போதுமா, உப்புக்கட்டி ஒண்ணு கட்டி உட்டா வேலை முடிஞ்சுதா?" அவருக்கு துண்டு துண்டா சொன்னத இங்க சேத்து எழுதறேன்.

மொதல்ல ஒரு கணக்கு. ஒரு மாட்டோட ரத்தத்துல ஒரு நேரத்துல ஓடிட்டிருக்கற கால்சியம் சுமாரா 3 கிராம்தான். சீம்பால்ல லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல கால்சியம் போகுது, 10 லிட்டர் கறந்தா 20 கிராம் வெளிய போயிருச்சு. இந்த பாக்கிய எலும்புல இருந்தும் குடல்ல இருந்தும் எடுத்துத்தான் ரத்தத்துல நிரப்பணும், அப்படி எடுக்கச் சொல்லி உத்தரவு போடறது கழுத்துல இருக்கற சின்ன சுரப்பி. கடைசி 3 வாரம் நாம பாட்டில் பாட்டிலா கால்சியம் ஊத்திட்டே இருந்தா அந்த சுரப்பிக்கு வேலையே இல்லாம தூங்கிடும், கன்னு போட்ட அன்னிக்கு திடீர்னு 20 கிராம் வேணும்னா அது முழிச்சு வேலையப் புடிக்க ஒண்ணு ரெண்டு நாள் ஆயிரும், மாடு அதுக்குள்ள விழுந்துரும். இப்படி ரத்தத்துல கால்சியம் கொறஞ்சு மாடு விழறதுதான் பால் காய்ச்சல், பெரும்பாலும் கன்னு போட்ட 2, 3 நாளுக்குள்ள அது வர்றதும் இதனாலதான். மூணாவது ஈத்துக்கு மேல, அதுலயும் ஜெர்சிக்கு அதிகமா வரும்.

அதனால மாமாவோட மொத கேள்விக்கு பதில், கன்னு போடறதுக்கு முன்னாடி கால்சியம் பாட்டில் வேண்டாம். சினை மாட்டுக்கு சத்துன்னு நெனச்சு பாசத்துல ஊத்தறோம், அதுவே வினையாகுது. கடலைக்கொடி, அகத்தி, சவுண்டல் தழைக்கும் இதே பேச்சுதான், எல்லாம் அருமையான தீவனம், ஆனா கால்சியம் நெறைய, கடைசி 3 வாரம் கொறச்சுட்டு சோளத்தட்டு பக்கம் போறது நல்லது. சிலர் சுண்ணாம்பு தெளிஞ்ச தண்ணி வெக்கறாங்க, அந்த தண்ணி ஒரு லிட்டர்ல 1 கிராம் கால்சியம் கூட கரையாது, அத நம்பி இருக்க முடியாதுங்க.

தூளுக்கும் கட்டிக்கும் வருவோம். கட்டில இருக்கறது பெரும்பங்கு சாதா உப்பு, கூட கொஞ்சம் இரும்பு, தாமிரம், துத்தநாகம், கோபால்ட், அயோடின். உப்புச்சத்துக்கு நல்லது, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு மாடு நாளெல்லாம் நக்கும், பக்கத்து மாடு திரும்பிக்கூட பாக்காது, எந்த மாட்டுக்கு எவ்வளவு போச்சுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. ஐப்பசி கார்த்திகை மழைல ஏற்காட்டு ஈரத்துக்கு கட்டி பாதி கரைஞ்சு தரையிலதான் கெடக்கும்.

தூள் அப்படி இல்ல, கையில அளந்து தவிட்டுல பெசறி குடுக்கறோம். கறவை மாட்டுக்கு தினம் 50 கிராம், ஒரு கிலோ பை 20 நாளைக்கு வரும். பை வாங்கறப்ப வெலைய பாக்கறதுக்கு முன்னாடி பின்னாடி திருப்பி படிங்க, உப்பு சேக்காத தாது கலவைக்கு ஐஎஸ்ஐ அளவு கால்சியம் 20 சதவீதம், பாஸ்பரஸ் 12, மக்னீசியம் 5. பாஸ்பரஸ்தான் இதுல செலவு புடிக்கற சரக்கு, அதனால வெல ரொம்ப கொறைவா இருந்தா பாஸ்பரஸ் எவ்வளவுன்னு பாத்தாலே தெரிஞ்சுரும், மீதி சுண்ணாம்புக்கல் மாவுதான். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் சொந்தமா தாது உப்பு தயாரிக்குது, சேலத்துலயே அவங்க பயிற்சி மையம் இருக்கு, போய் விசாரிங்க.

கடைசி 3 வாரத்துக்குன்னே தனியா எதிர்மின் உப்புன்னு ஒண்ணு இருக்கு, அம்மோனியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட் மாதிரி. ரத்தத்த லேசா புளிப்பு பக்கம் திருப்பி எலும்புல இருந்து கால்சியத்த எறக்க வெக்கும். வேலை செய்யறதென்னவோ நெசம், ஆனா கசக்கும், மாடு தீவனத்தயே ஒதுக்கிரும், மூத்திரத்தோட காரத்தன்மைய அளந்து பாத்துட்டே குடுக்கணும். 20 மாட்டு பண்ணைக்கு சரி, ரெண்டு மாடு வெச்சிருக்கற எங்களுக்கு கஷ்டம். நான் சாதா தூளயே அந்த 3 வாரமும் 30 கிராமா கொறச்சு போடறேன், அதுல போற கால்சியம் 6 கிராம்தான், தாமிரமும் துத்தநாகமும் நிக்காம போய்ட்டிருக்கும்.

சரி, கன்னு போட்ட நாள். இங்கதான் வாயில குடுக்கற கால்சியம் ஜெல்லா, நரம்புல ஏத்தற டிரிப்பாங்கற சண்டை. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க செவல மாடு மூணாவது ஈத்து, ராத்திரி கன்னு போட்டுது, விடிகாலைல போய் பாத்தா படுத்து கெடக்குது, தலைய விலாப்பக்கம் மடிச்சு வெச்சிருக்கு, காத தொட்டா ஜில்லுனு இருக்கு, மூக்கு காஞ்சு போச்சு. காய்ச்சல்னு பேருதான், ஒடம்பு கொதிக்காது, குளிர்ந்து போயிரும். பக்கத்து தோட்டத்து அண்ணன் ஓடி வந்து நல்ல மனசோட வாயப் பொளந்து கால்சியம் தண்ணிய ஊத்தினார், மாடு முழுங்கல, இருமுச்சு, நான் பயந்து கைய புடிச்சு நிறுத்தினேன். படுத்து மயங்கின மாடு முழுங்காதுங்க, ஊத்தறது நுரையீரலுக்கு போயிரும். அப்புறம் டாக்டர் வந்து கால்சியம் பாட்டில வெதுவெதுப்பான தண்ணில வெச்சு சூடு பண்ணி, நெஞ்சுல ஸ்டெத் வெச்சு இதயத்துடிப்ப கேட்டுட்டே சொட்டு சொட்டா நரம்புல ஏத்தினார். பாதி பாட்டில் போகறப்ப தொடை நடுங்குச்சு, ஏப்பம் விட்டுச்சு, மூக்குல முத்து முத்தா வேர்வை பூத்துச்சு, சாணி போட்டு எந்திரிச்சு நின்னுச்சு. எங்கம்மா கன்னுக்குட்டிய கட்டிப்புடிச்சுட்டு அழுதாங்க.

அதனால விழுந்த மாட்டுக்கு டிரிப்தான், டாக்டர்தான், வேற பேச்சே இல்ல, நாமளே வேகமா ஏத்தினா இதயம் நின்னுரும். நிக்கற மாட்டுக்கு ஜெல்தான் மேல், கன்னு போட்ட ஒடனே ஒண்ணு, 12 மணி நேரம் கழிச்சு ஒண்ணு. நிக்கற மாட்டுக்கு டிரிப் ஏத்தினா ரத்தத்துல கால்சியம் திடுதிப்புனு ஏறி, அந்த சுரப்பி மறுபடி படுத்துக்கும், நாளைக்கு கால்சியம் மறுபடி கீழ எறங்கிரும். கால்சியம் குளோரைடு ஜெல் வேகமா சேரும் ஆனா வாய எரிக்கும், புரோபியோனேட் கொஞ்சம் மெதுவு, வாய்க்கு இதம், தெம்பும் குடுக்கும். டிரிப் போட்டு எந்திரிச்ச மாடும் நாலுல ஒண்ணு திரும்ப விழுது, அன்னிக்கு மடிய ஒட்ட கறக்காதீங்க.

எல்லாரும் கால்சியத்தயே பேசறோம், நம்ம ஜில்லால எனக்கு அதவிட கவலை பாஸ்பரஸ்தான். சேகோ பேக்டரி திப்பி, அதாவது மரவள்ளிக்கிழங்குல ஜவ்வரிசி மாவு எடுத்தப்பறம் மிஞ்சற சக்கை, சல்லிசா கெடைக்குதுன்னு தவிட்ட நிறுத்திட்டு திப்பியும் வைக்கோலும் மட்டும் போடறவங்க நெறைய. திப்பில மாவு இருக்கு, பாஸ்பரஸ் பேருக்குக் கூட இல்ல, வைக்கோல்லயும் கம்மி. மாடு துணியக் கடிக்கும், செவுத்த நக்கும், கன்னு போட்டு சில வாரத்துல காபி கலர்ல மூத்திரம் போகும். அது பாஸ்பரஸ் பத்தாமயும் வரும், உண்ணிக் காய்ச்சல்லயும் வரும், அதனால ரத்தத்த பாக்காம மருந்து போடக்கூடாது. திப்பி போடுங்க, கூட அரிசித் தவிடோ கோதுமைத் தவிடோ ஒரு பங்கு இல்லாம போடாதீங்க.

மாமாவுக்கு கணக்கு கொஞ்சம் வேற. எங்களுக்கு கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962க்கு போன் போட்டா வண்டி ரோட்டுலயே வந்து நிக்கும், அவருக்கு கீழ சேலத்துல இருந்து மெயின் ரோட்டுல போனா 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அப்புறம் தோட்டத்து மண் ரோடு, மழை வந்தா அதுவும் இல்ல. அவருக்கு உப்புக்கட்டி காசு வீண், அந்த காசுல ரெண்டு ஜெல் வாங்கி வீட்ல வெச்சுக்கங்க மாமான்னு சொல்லிட்டேன். கன்னு போட்ட ராத்திரி டார்ச் எடுத்துட்டு 2 மணி நேரத்துக்கு ஒருக்கா போய் காத தொட்டு பாருங்க, குளுரா இருந்து மாடு தள்ளாடுனா விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே டாக்டருக்கு போன் போடுங்க.