பொள்ளாச்சிக் கோகோ எந்தச் சாக்லேட்டில் இருக்கிறது?

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலைப் பக்கம் போனால் வழியெல்லாம் தென்னந்தோப்பு. பல தோப்புகளில் தென்னை நிழலில் ஊடுபயிராகக் கோகோ நிற்கிறது. காய் கிளை நுனியில் தொங்காது, அடிமரத்தோடு ஒட்டிக் காய்க்கும், பழுத்தால் மஞ்சளாகும். தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. இந்தியாவில் கோகோவை முதலில் நட்டதே 1798இல் குற்றாலத்தில்தான். ஆனாலும் பொள்ளாச்சிக் கடைத்தெருவில் நின்று, இந்த ஊர்க் கோகோவில் செய்த சாக்லேட் வேண்டும் என்று கேட்டால், எடுத்துக் கொடுக்கப் பெரும்பாலான கடைகளில் ஒன்றும் இருக்காது. விளைச்சலில் பெரும்பங்கு கொள்முதல் ஏஜென்டுகள் வழியாகப் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விடுகிறது.

நம் பக்கத்துச் சாக்லேட் என்று வாங்கப் போகிறவருக்குக் கிடைப்பவை மூன்று வகை: ஊட்டி 'ஹோம்மேட்', கேம்ப்கோ கூட்டுறவின் சாக்லேட், தோப்புக் கோகோவிலிருந்தே செய்கிற சிறு தயாரிப்பாளர்களின் பார்.

முதலில் ஊட்டி. கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற அந்தக் குளிரில் கோகோ மரம் பிழைக்காது. ஆனால் சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றுகிறவருக்கு அந்தக் குளிர் பெரிய வசதி. பல கடைகளில் மூலப்பொருளே தொழிற்சாலையிலிருந்து பாளம் பாளமாக வருகிற காம்பவுண்ட்தான்: சர்க்கரை, கோகோ தூள், கோகோ விதையின் கொழுப்பான கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு. நல்ல சாக்லேட்டை உருக்கிச் செய்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள், கேட்டு வாங்க வேண்டும். கண்டுபிடிக்க ஒரு துண்டை மெல்லாமல் நாக்கில் வைத்திருந்தால் போதும். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகுவதால் நல்ல சாக்லேட் தானாகக் கரைந்துவிடும். காம்பவுண்ட் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டும். முந்திரியும் திராட்சையும் போட்ட ஊட்டித் துண்டுகளைப் பிடித்தவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் நம்மூர்க் கோகோவுக்காக வாங்குவதென்றால் அது இடம் அல்ல.

கேம்ப்கோவின் கதை வேறு. மங்களூரில் 1973இல் தொடங்கிய பாக்கு, கோகோ விவசாயிகளின் கூட்டுறவு அது. 1980 வாக்கில் கோகோ விலை விழுந்து, தனியார் கொள்முதலும் சுருங்கியபோது கர்நாடக, கேரள விவசாயிகளின் கோகோவை வாங்க இறங்கியது. வாங்கியதை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலாக 1986இல் கர்நாடகத்துப் புத்தூரில் சொந்தச் சாக்லேட் ஆலையே வந்துவிட்டது. பால் சாக்லேட்டில் இனிப்பு தூக்கலாக இருக்கும். எந்தத் தோப்பு விதை என்று நாக்கு சொல்லாது. ஆனால் விலை கைக்கு அடக்கம், லாபம் போவது விவசாயிகளின் அமைப்புக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டுக் கடைகளில் இன்னும் அதிகம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

மூன்றாவது வகைக்கு வருவோம். ஆனைமலை அடிவாரத்தில் தங்கள் தோட்டத்துக் கோகோவிலேயே பார் செய்கிற சோக்லெட், 2014இல் ஆரோவில்லில் தொடங்கி, தென்னிந்தியத் தோட்டங்களின் கோகோவில் செய்கிற மேசன் அண்ட் கோ, கொச்சியின் பால் அண்ட் மைக் எல்லாம் இதில் சேரும். விலை அதிகம்தான், சின்ன பாருக்கே நூறுகளில் கொடுக்க வேண்டும். ஏன் என்பது தோப்பில் தெரியும்.

பழத்தைக் கட்டையால் தட்டிப் பிளந்தால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய விதைகள் வரிசையாக இருக்கும். சதை இனிப்பும் புளிப்புமாக நன்றாகவே இருக்கும். விதையைக் கடித்தால் கசப்பு, துவர்ப்பு, சாக்லேட் வாசனை துளியும் கிடையாது. அந்த வாசனைக்கான அடித்தளம் புளிக்க வைப்பதில்தான் விழுகிறது. மரப்பெட்டியில் விதையைக் கொட்டி, வாழையிலை போட்டு மூடி, ஐந்தாறு நாள் அவ்வப்போது கிளறிவிட வேண்டும். பெட்டிக்குள் சூடு 50 டிகிரியை நெருங்கும், பக்கத்தில் போனால் காடி வாடை அடிக்கும். அப்புறம் ஒரு வாரம் போல வெயிலில் காய வேண்டும். கொஞ்சமாக விதை இருந்தால் பெட்டி சூடேறாது. பத்து மரம் இருபது மரம் வைத்திருக்கிற விவசாயி பச்சை விதையாகவே விற்றுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புளித்த பக்குவம் சரியில்லை என்றால் பிறகு வறுத்தாலும் அரைத்தாலும் பயனில்லை. தோட்டத்தையும் பெட்டியையும் தன் கண்காணிப்பில் வைத்திருக்கிறவரின் பாரில் அந்த வித்தியாசம் தெரிகிறது: கசப்புக்குப் பின்னால் ஒரு பழப்புளிப்பு வரும். 70 சதவீத பாரில், அதாவது எடையில் அவ்வளவு பங்கு கோகோவிலிருந்து வருகிற பாரில், கோகோவும் சர்க்கரையும், சில சமயம் கொஞ்சம் கோகோ வெண்ணெயும்தான் இருக்கும்.

அரைப்பதிலும் நம் ஊருக்குப் பங்கு உண்டு. வறுத்த கோகோவைச் சிறு தயாரிப்பாளர்கள் மணிக்கணக்கில் அரைப்பது கல் உருளை இயந்திரத்தில். கோவையின் மாவு கிரைண்டரை மாற்றியமைத்து உருவானவை அவற்றில் பல. வெளிநாட்டுச் சின்னச் சின்னப் பட்டறைகளிலும் அவை ஓடுகின்றன.

என் தேர்வு மூன்றாவதுதான். மாதம் ஒரு பார் வாங்கினாலும் அதை வாங்குவேன். முதல் தடவை வாங்குகிறவர்கள் 80க்கு மேல் போகாமல் 55 அல்லது 70 சதவீதத்தில் ஆரம்பிக்கலாம். எதை எடுத்தாலும் உறையின் பின்பக்கம் பாருங்கள். தாவரக் கொழுப்பு என்று இருந்தால் வைத்துவிடுங்கள். கோகோ எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தால் நல்லது. ஏப்ரல், மே வெயிலில் ஆன்லைனில் வரவழைக்காமல் இருப்பது மேல். உருகி மறுபடி இறுகிய பாரில் வெள்ளைப் படலம் படியும். அது பூஞ்சை இல்லை, மேலே வந்த கோகோ வெண்ணெய். சாப்பிடலாம், ஆனால் அந்த வழவழப்பு போயிருக்கும்.