செங்கலா, சிலேட்டா? கேமிங் லேப்டாப்பும் அன்றாட லேப்டாப்பும்

துவரம்பருப்பு நிறுக்கும் தராசில்தான் இந்த ஒப்பீட்டைத் தொடங்கினேன். தெருமுனை அண்ணாச்சி கடை. முதலில் 2021இல் நான் வாங்கிய கேமிங் லேப்டாப்: 2 கிலோ 310 கிராம். அதன் அடாப்டரையும் வயரையும் சுருட்டி மேலே வைத்ததும் தராசு 3 கிலோவைத் தொட்டது. அடுத்து, இப்போது அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் மெல்லிய லேப்டாப், சார்ஜரோடு சேர்த்து: 1 கிலோ 390 கிராம். "இதில் எதை எடைக்குப் போடப்போகிறீர்கள் அக்கா?" என்றார் அண்ணாச்சி. போடுவதற்கில்லை. என் அக்கா மகனுக்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது.

அவனுக்குக் கோவையில் மெக்கானிக்கல் இடம் கிடைத்திருந்தது, விடுதி வாசம். அத்தான் ஒதுக்கியிருந்த தொகை 90,000 ரூபாய். பையன் கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறான், அத்தானோ "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு பணமா?" என்கிறார். இரண்டு வகையையும் வைத்து மாரடித்தவள் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கட்டட வடிவமைப்பு என் தொழில். பொதுமுடக்கக் காலத்தில் வீட்டிலிருந்தே முப்பரிமாண வீடியோக்கள் தயாரிக்க வேண்டியிருந்தது. பழைய லேப்டாப்பில் இரவு ஓடவிட்டுப் படுத்தால் காலையில் பாதி முடிந்திருக்கும். கேமிங் லேப்டாப் வந்ததும் அதே வேலை, சோறு வடித்துக் குழம்பு இறக்குவதற்குள் முடிந்தது. அந்த நாட்களில் அதைக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலிருந்தது. பிறகு அலுவலகம் திறந்தார்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் அந்த 3 கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற இரண்டாவது மாதம், பையின் வார் பிய்ந்தது. லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளே மெல்லியதாக ஒன்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

கடைக்காரர் முதலில் காட்டுவது, திரையில் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டின் பெயரைத்தான். அங்கேதான் பெரிய ஏமாற்றமும் ஒளிந்திருக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில், 35 வாட்டில் ஓடுவதும் உண்டு. 115 வாட்டில் ஓடுவதும் உண்டு. லேப்டாப் தயாரிப்பாளர் எவ்வளவு மின்சாரம் கொடுக்கிறார், எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வழிசெய்திருக்கிறார் என்பதைப் பொறுத்து, ஒரே பெயருள்ள இரண்டு கார்டுகள் வேகத்தில் அண்ணன் தம்பியாகக்கூட இருக்காது. மூடியில் ஒட்டியிருக்கும் பளபளப்பான ஸ்டிக்கர் இதைச் சொல்லாது. கடையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் அதிகபட்ச வாட் எவ்வளவு என்று பாருங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். கார்டின் தனி நினைவகத்தையும் கேளுங்கள்: 4050இல் 6 ஜிபி, 4060இல் 8 ஜிபி. சாதாரண ராமைப் போல இதைப் பின்னால் கூட்ட முடியாது. 4 ஜிபி கார்டைப் போட்டுக் 'கேமிங்' என்று விற்பவற்றை நான் தொடவே மாட்டேன்; எடைக்கு எடையும் உண்டு, புதிய விளையாட்டுகளில் மூச்சுத்திணறலும் உண்டு.

மெல்லிய லேப்டாப்பில் பெரும்பாலும் தனிக் கார்டு இருக்காது. புராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்தான். அதைக் குறைவாக எடைபோட வேண்டாம். பையன் மணிக்கணக்கில் ஆடும் வேலரன்ட்டுக்கு, அதை உருவாக்கியவர்கள் குறைந்தபட்சத் தேவையாகச் சொன்னதே 2012இல் வந்த இன்டெல் எச்டி 4000தான். இன்டெல் அல்லது ஏஎம்டி புராசஸர் உள்ள இன்றைய மெல்லிய லேப்டாப் எதிலும் அது தாராளமாக ஓடும். மேக்புக்கிலோ அந்த விளையாட்டே கிடையாது. சைபர்பங்க் 2077 போன்றவை வேறு சாதி. அவற்றை ரசித்து ஆட வேண்டுமென்றால் தனிக் கார்டு வேண்டும். இதில் சமாதானம் பேச இடமில்லை.

"படிப்புக்குத்தான் சித்தி" என்றான். சரி, படிப்பையே பார்ப்போம். பல கல்லூரிகளில் முதலாண்டு என்பது கணிதம், இயற்பியல், வேதியியல், கொஞ்சம் சி அல்லது பைத்தான். வரைபடப் பாடத்துக்கு வரைதாளும் டிராப்டருமாக நின்றே ஆக வேண்டும். இயந்திர பாகங்களைக் கணினியில் வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ் பிறகு வரும். அது விண்டோஸ் மென்பொருள். மேக்கில் நேரடியாக ஓடாது. மாணவர் செய்யும் சிறிய பாகங்களுக்கு நல்ல புராசஸரும் 16 ஜிபி ராமும் இருந்தால் மெல்லிய லேப்டாப்பே போதும். பாகம் பாரத்தைத் தாங்குமா என்று கணக்கிடும் ஆன்சிஸின் மாணவர் பதிப்பில், கட்டமைப்புக் கணக்குகளுக்கு 1,28,000 நோடுகள் (கணக்கிடும் புள்ளிகள்) என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். அசுர பலம் வேண்டிய கணக்கை அதில் போடவே முடியாது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் படம் ரெண்டர் செய்வது, அதாவது வடிவத்தை முழுப் படமாக மாற்றுவது, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்த லேப்டாப்பிலேயே பழக்குவது, என்னைப் போலக் கட்டட வீடியோ தயாரிப்பது ஆகியவற்றில்தான் தனிக் கார்டு நேரத்தை மிச்சப்படுத்தும். அதிலும் கற்றுக்கொள்ளும் கட்டத்துக்குக் கூகுள் கோலாப் என்ற இணையச் சேவை 16 ஜிபி நினைவகமுள்ள டி4 கார்டை இலவசமாகவே தருகிறது, நேர வரம்போடு.

இதையெல்லாம் கேட்ட அத்தான் பக்கத்து அறையிலிருந்து செருமினார். வெற்றிச் செருமல்.

அடுத்தது பேட்டரி. இங்கே சின்னக் கணக்கு போதும். நடுத்தர விலைக் கேமிங் லேப்டாப்களில் 60 வாட்-மணி பேட்டரியை, அதாவது 60 வாட்டை ஒரு மணி நேரம் தரக்கூடியதை, பரவலாகப் பார்க்கலாம். கார்டு 115 வாட், புராசஸர் 45 வாட் என்று முழுவீச்சில் இழுத்தால் அது 22 நிமிடம்தான். அதனால்தான் பிளக்கைப் பிடுங்கிய மறுநொடி லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் சுவரில் மாட்டியிருக்கும்போது மட்டும்தான் உங்களுடையது. சாதாரண எழுத்து வேலைக்கு என்னுடையது இரண்டரை மணி நேரம் தாங்கும். பெரிய பேட்டரியாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். 100 வாட்-மணியைத் தாண்டினால் விமானத்தில் கொண்டுபோக விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதனால் தயாரிப்பாளர்கள் 99 சொச்சத்தில் நின்றுவிடுகிறார்கள்.

2022இல் வந்த எம்2 மேக்புக் ஏரின் பேட்டரி 52.6 வாட்-மணிதான். கேமிங் லேப்டாப்பைவிடச் சிறியது. ஆனால் அது வேலை செய்யும்போது சில வாட்களே குடிப்பதால், காலையில் கிளம்பியவர் மாலையில் திரும்பும்வரை சார்ஜர் நினைப்பே வராது. விண்டோஸ் பக்கமும் 2024இல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ், இன்டெல் கோர் அல்ட்ரா 200வி புராசஸர் வகைகள் இந்த விஷயத்தில் நெருங்கிவிட்டன. ஸ்னாப்டிராகனில் எல்லா விண்டோஸ் மென்பொருளும் ஒழுங்காக ஓடுவதில்லை என்பதால் பொறியியல் மாணவருக்கு அதைச் சிபாரிசு செய்யத் தயங்குகிறேன்.

சூட்டையும் சத்தத்தையும் விளம்பரத்தில் பார்க்க முடியாது. எங்கள் வீடு மொட்டைமாடிக்குக் கீழே. மே மாதப் பிற்பகலில் ரெண்டர் ஓடவிட்டால் விசைப்பலகைக்கு மேலே இருக்கும் பட்டையில் விரல் வைக்க முடியாது. வலப்பக்கத் துவாரத்திலிருந்து வரும் அனல் நேராக மௌஸ் பிடித்த கையில் அடிக்கும். ஒருமுறை கூடத்திலிருந்து மாமியார், "மிக்ஸியைப் போட்டுவிட்டு எங்கே போனாய்?" என்று குரல் கொடுத்தார். மிக்ஸி இல்லை, லேப்டாப்பின் விசிறி. அறையின் வெப்பம் ஐந்து டிகிரி கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். குளிர்நாட்டு யூடியூபர் குளுகுளு அறையில் எடுத்த வேக எண்களை நம் ஊர் விடுதி அறையில் எதிர்பார்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை பின்மூடியைக் கழற்றித் தூசி எடுப்பதும் அவசியம். விசிறியே இல்லாத மேக்புக் ஏர் நூலகத்தில் சத்தமே போடாது. ஆனால் நீளமான வீடியோ ஏற்றுமதி செய்யச் சொன்னால் சில நிமிடங்களில் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மெல்லியதின் குறைகளையும் மறைக்கக் கூடாது. பலவற்றில் ராமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும்போது 8 ஜிபி என்றால் ஆயுளுக்கும் 8 ஜிபிதான்; எனவே 16க்குக் குறைந்து எதையும் பார்க்காதீர்கள். கேமிங் வகையில் பெரும்பாலும் மூடியைத் திறந்து ராமையும் எஸ்எஸ்டியையும் கூட்டிக்கொள்ளலாம். 'பிறகு போட்டுக்கொள்ளலாம்' என்ற பழைய அறிவுரை இப்போது அவ்வளவு மலிவானதல்ல. 2025 இறுதியிலிருந்து ராம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. திரையில் பல மெல்லியவை முந்துகின்றன. மலிவு கேமிங் லேப்டாப்களின் திரை 144 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 144 முறை படம் மாறி) வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் நிறங்கள் வெளுத்த துணி போல இருக்கும்.

இதற்குள் அத்தான் மெல்லியதற்கு முன்பணம் கட்டவே கிளம்பிவிட்டார். நான்தான் தடுத்தேன். "முதல் செமஸ்டர் எதையும் வாங்க வேண்டாம். ஒரு வாரம், லேப்டாப் தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் எங்கே இருந்தாய் என்று மட்டும் எழுதி அனுப்பு" என்றேன் பையனிடம். விளையாட்டு, படிப்பு என்று இரு தரப்பும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்தப் பொருள் எந்த மேசையில் வாழப்போகிறது என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. மாடிவீட்டுப் பெண் பி.காம். படிக்கிறாள், தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள், வகுப்பிலும் மரத்தடியிலும் திறக்கிறாள். அவளுக்கு மெல்லியதை வாங்கச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நவம்பரில் பட்டியல் வந்தது. நண்பனுடையதை இரவல் வாங்கியதையும் சேர்த்து 14 முறை. அதில் 11 முறை விடுதி அறை மேசை, இரண்டு முறை நூலகம், ஒருமுறை கேன்டீன். வகுப்புக்குள் ஒருமுறைகூட இல்லை, கொண்டுவர அனுமதியும் இல்லை. அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அசையாமல் மேசையிலேயே கிடக்கப்போகிற பொருளுக்கு ஒல்லியான உடம்பு எதற்கு? விடுமுறைக்குத்தான் ஊருக்குத் தூக்கிவரப் போகிறான். அதே காசுக்கு வேகம் கூடுதலாகவும் திறந்து மாற்ற வசதியாகவும் இருப்பது கேமிங் லேப்டாப்தான். அத்தான் சற்று நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மார்க்கு குறைந்தால் உன்னைத்தான் கேட்பேன்" என்றார்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் மாடலாக இருக்க வேண்டும். சில கேமிங் லேப்டாப்கள் 100 வாட் வரை அப்படி ஏற்றுக்கொள்கின்றன. முழுவேகம் கிடைக்காது, ஆனால் நூலகத்துக்குப் போகும் அந்த இரண்டு நாளும் செங்கல் போன்ற அடாப்டரை அறையிலேயே விட்டுவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் சார்ஜரோடு போகலாம்.

ஜனவரியில் வாங்கினான்: 4050 கார்டு, 16 ஜிபி ராம். அன்று இரவே விடுதியிலிருந்து அழைப்பு.

"சித்தி, பிளக் சுவரில் நுழையவே மாட்டேன் என்கிறது."

சில மாடல்களோடு வரும் வயரின் முனையில், கீசருக்கும் ஏசிக்கும் இருப்பது போன்ற தடித்த 16 ஆம்பியர் பிளக்கை வைத்து அனுப்புகிறார்கள். 230 வாட் அடாப்டர் நம் 230 வோல்ட்டில் இழுப்பது ஓர் ஆம்பியருக்குச் சற்று மேல்தான். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டே தாங்கும். விடுதி அறையில் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு எங்கே போவது? நான் வாங்கிய நாளிலும் இதே கூத்துதான்.

"பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திற" என்றேன். "கன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன். எர்த் பின் உள்ளது."