ஜியோஜீப்ரா ஆப்: இரண்டு அரியர் வைத்தவனின் ரிவ்யூ

அலைடு மேத்ஸில் இரண்டு தடவை அரியர், அதுவும் கும்பகோணத்தில் படித்துக்கொண்டு. சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வீட்டைத் தாண்டித்தான் டியூஷனுக்குப் போவேன். அவரும் இதே ஊர் அரசுக் கல்லூரியில் ஃபெயிலாகி உதவித்தொகையை இழந்தவர்தான், ஆனால் அவர் கோட்டை விட்டது மற்ற பாடங்களில்.

டியூஷன் பெயர் வேண்டாம். இரண்டு மாதம், 3000 ரூபாய், இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை எழுதி எழுதி விரல் காய்த்ததுதான் மிச்சம். விடை வரும், அது எதற்கான விடை என்று கேட்டால் முழிப்பேன். சார்பு, வரைபடம், சமன்பாடு மூன்றும் பாகப்பிரிவினை முடிந்த பங்காளிகள் மாதிரி தனித்தனி அத்தியாயமாகக் கிடந்தன.

அப்புறம்தான் சீனியர் ஒருத்தர் சொல்லி, சமன்பாட்டைத் தட்டினால் வரைபடமாக வரைந்து காட்டும் இந்த ஆப்பைப் போட்டேன். மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் ஆஸ்திரியாவில், சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தொடங்கியதாம். மாணவர்களுக்கு இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை, இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடுகிறது (எங்கள் ஊரில் சிக்னலுக்கு மொட்டை மாடி ஏறணும்).

அந்த வாரம் குறுவை நாற்றங்காலுக்கு ஆடு வராமல் வலை கட்ட அப்பா கிளம்பினார். கையில் 40 மீட்டர் வலை, ஒரு பக்கம் வாய்க்கால், ஆக மூன்று பக்கம் கட்டினால் போதும். அகலம் எக்ஸ் என்றால் நீளம் 40 − 2எக்ஸ், இரண்டையும் பெருக்கினால் பரப்பு. ஆப்பில் தட்டினேன், திரையில் ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை, ஏதோ செங்குத்தாக ஒரு கோடு. பயந்துவிட்டேன். ஒய் அச்சை 200-க்கு மேல் தெரிகிற மாதிரி சுருக்கியதும்தான் கவிழ்த்த சட்டி மாதிரி பரவளையம் வந்தது. உச்சி எக்ஸ் 10-ல், பரப்பு 200 சதுர மீட்டர். 150 சதுர மீட்டர் போதும் என்றால்? ஒய் = 150 என்று ஒரு படுக்கைக் கோடு போட்டேன், அது வளைவை 5-லும் 15-லும் வெட்டியது. டியூஷனில் சூத்திரம் போட்டு எடுத்த இரண்டு மூலங்கள் இவைதானா என்று அப்போதுதான் உறைத்தது. கோட்டை 210-க்கு ஏற்றினால் வளைவைத் தொடவே இல்லை, தன்மைக்காட்டி (சூத்திரத்தில் வர்க்கமூலக் குறிக்குள் வரும் பகுதி) குறை எண் என்பதும் இதுதான். "அப்ப 10-லயே கட்டிரலாம்ப்பா" என்றேன். "அது எனக்குக் கண்ணாலயே தெரியும்டா" என்றார்.

ஸ்லைடரும் (இழுத்து எண்ணை மாற்றும் பட்டி) அருமை. ஒய் = ஏ எக்ஸ் வர்க்கம் + பி எக்ஸ் + சி என்று தட்டி, ஏ, பி, சி மூன்றுக்கும் வைத்து இழுத்துப் பாருங்கள். சி-யை இழுத்தால் வளைவு மேலும் கீழும் போகும், ஏ சுழியானால் நேர்கோடாகிவிடும். பி-யை இழுத்தால் உச்சி நகர்கிற பாதையே இன்னொரு பரவளையம், தலைகீழாக! இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

குறை இல்லாமல் இல்லை. சின்னத் திரையில் விரல் பட்டால் வரைபடம் எங்கோ ஓடிவிடும். ஆப்பே கதி என்று இருந்தால் பரீட்சை ஹாலில் கிராஃப் ஷீட்டைப் பார்த்துக் கை நடுங்கும், கையாலும் வரைந்து பழகணும். பெரிய குறை இது: எக்ஸ் வர்க்கம் − 4-ஐ எக்ஸ் − 2-ஆல் வகுக்கச் சொன்னேன், எனக்கு முழு நேர்கோடுதான் வந்தது. எக்ஸ் = 2 சார்பகத்திலேயே (சார்பில் போடக்கூடிய எக்ஸ் மதிப்புகளிலேயே) கிடையாது, அந்த இடத்தில் ஓட்டை இருக்கணும், நான் பார்த்த படத்தில் இல்லை. அதை நம்பி மாதிரித் தேர்வில் 5 மார்க் போச்சு.

நான்கு நட்சத்திரம். ஒன்று அந்த ஓட்டைக்காகப் பிடித்தம்.