நூல், துணி ஆர்ட் கண்காட்சி, கோயமுத்தூர்: அம்மாவோட போயிட்டு வந்தேங்க

போன ஞாயித்துக்கெழம கோயமுத்தூர்ல எட்டு ஆர்டிஸ்டுக சேந்து நூலு, துணியிலயே செஞ்சு வெச்சிருந்த கண்காட்சிக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போயிருந்தேங்க, அம்மா பவானிப் பக்கம், கல்யாணம் ஆகற வரைக்கும் வீட்ல தறிக்கு நூல் தார் சுத்துனவங்க, அதனால நான் பாத்தத விட அவங்க பாத்ததுதான் எச்சு.

உள்ள போனதும் ஒரு பவானி ஜமக்காளம். பாதி மட்டும் நெஞ்சு, மிச்சப் பாவ, அதாவது தறியில நெடுக்க ஓடற நூல, அப்படியே தொங்க விட்டு மரச்சட்டத்துல மாட்டியிருக்காங்க. செவப்பும் பச்சையுமா பட்ட பட்டயா, விசேசத்துக்கு ஒரம்பரை வந்தா விரிப்போமே அதே கனத்த நூலு. தொங்கற பாவுல ஒரு ஜாண் தள்ளி வரிசையா சின்னச் சின்ன திருகலாத் தெரிஞ்சுது, எனக்கு ஒன்னும் புரியல, அம்மா பாத்ததும் ரெண்டு வெரலத் தேச்சுக் காமிச்சாங்க, பழைய பாவோட புதுப் பாவப் புணைச்ச எடமாம், சாம்பலத் தொட்டுட்டு ரெண்டு இழையயும் சேத்து ஒரு திருகு, முடிச்சு போட்டா தறியில நூலு நுழைஞ்சு வர்ற அச்சுல மாட்டி அறுந்துருமாம். அங்கயே அரை மணி நேரம் நின்னோம்.

அப்பறம் அம்மா அகலத்தப் பாத்துட்டு, "இதுக்கு ஒராளு குறுக்கு நூல் கொண்டு போற நாடா போட முடியாது, குழித்தறியில ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல ஒக்காரோணும்"னாங்க. பக்கத்துல இருந்த சீட்டப் பாத்தா ஒரே பேரு, ஆர்டிஸ்ட் பேரு. அந்தப் பொண்ணு அங்கதான் நின்னுச்சு, "ஏங்கண்ணு, நெஞ்சவங்க பேரு எங்க?"ன்னு அம்மா நேராவே கேட்டுட்டாங்க. அந்தியூர்ப் பக்கம் ஒரு புருசன் பொண்டாட்டி நெஞ்சாங்கன்னு அது பேரெல்லாம் சொல்லுச்சு, மறைக்கல, ஆனா எழுதி வெக்கல. எனக்கு இதுதான் பெரிய கொறைங்க. ஜமக்காளம் 1985 சட்டத்துல கைத்தறிக்குன்னே ஒதுக்குனது, புவிசார் குறியீடும் வாங்கியாச்சு, அப்படியும் பவர்லூம்ல ஓட்டிட்டு பவானின்னு விக்கறாங்க, இந்த நெலமைல கையில நெஞ்சவங்க பேர இங்க கூடப் போடலீன்னா வேற எங்க போடறது?

இன்னொன்னு திருப்பூர் பனியன் வேஸ்ட்டக் கிழிச்சுப் பின்னி சீலிங்ல இருந்து தரை வரைக்கும் தொங்க விட்ட நொய்யல் ஆறு. மேல வெள்ளிங்கிரி மலைப் பச்சை, கீழ வர வர ஊதா, கருஞ்செவப்பு. ஆத்துல சாயக்கழிவு கலக்குதுன்னு 2011ல ஐகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறைகள மூடுனப்ப நான் திருப்பூர்லதான் வேலைல இருந்தேன், தண்ணி அந்தக் கலர்ல ஓடுனத கண்ணால பாத்தவன், எனக்குத் தொண்டைய அடச்சுருச்சு.

அவுரிச் சாயம் போட்ட துணிகளும் நல்லாத்தான் இருந்துது, ஆனா மஞ்ச லைட் போட்டு அந்த நீலத்தையே கெடுத்துட்டாங்க. ஃப்ரேம் போட்ட எம்பிராய்டரி எனக்கு ஒட்டல, கடையிலயே கெடைக்கும்.

வயசானவங்க ஒக்கார ஒரு சேர் கூட இல்லைங்க, அம்மா படியிலதான் ஒக்காந்தாங்க. பட்டும் பருத்தியும் கலந்த கோரா காட்டன், கட்டுக் கட்டா இருக்கற சிட்டா நூலெல்லாம் தொட்டுப் பாக்க ஒரு டேபிள் வெச்சிருக்காங்க, கொழந்தைகளக் கூட்டிட்டுப் போனா அங்க விட்ருங்க. டிக்கெட் இல்ல, வர்ற ஞாயிறு வரைக்கும் இருக்கு. காலைல போங்க, கெழக்கு ஜன்னல் வெயில் அந்தப் பாவு மேல விழறப்ப புணைச்ச எடம் ஒவ்வொன்னும் தனியாத் தெரியும்.